வீடு மாற்ற வந்த மிலிட்டரியம்மா

எங்கள் கம்பெனியின் வேலை, அடுத்தவர் வீட்டை மூட்டை கட்டி இன்னொரு இடத்தில் இறக்கி வைப்பது. அதில் நான் மேஸ்திரி. எந்த வீட்டுக்கு எத்தனை ஆள், எந்தச் சாமான் முதலில் ஏறும் என்பதெல்லாம் என் வாய் வார்த்தைதான். அதனால் இரண்டாவது கிளை திறக்கப் போவதாக முதலாளி சொன்ன அன்றே, அதன் பொறுப்பு எனக்குத்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். கட்டியதோடு நிற்காமல் வீட்டிலும் சொல்லிவிட்டேன். வீட்டில் சொன்னதைத் திரும்ப வாங்க முடியுமா?

முதலில் வந்தவர் மிலிட்டரியம்மாவின் புருஷன். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று எங்களிடம் லாரி ஓட்டச் சேர்ந்தார். மிலிட்டரி என்று கூப்பிட்டோம். காலையில் நாங்கள் டீ கிளாஸோடு நிற்கும்போது அவர் லாரிக்கடியில் மல்லாந்து கிடப்பார். டயர், ஆயில், பிரேக் என்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்த பிறகுதான் சாவியைத் திருப்புவார்.

"என்னய்யா, எவனாவது குண்டு வச்சிருக்கானான்னு பாக்குறியா?" என்று கேட்டேன். ஆட்கள் சிரித்தார்கள். அவரும் கூடச் சிரித்துவிட்டு மறுபடி அடியில் போய்விட்டார்.

அவர் வந்த பிறகு எங்கள் லாரி நடுரோட்டில் நிற்கவே இல்லை. முன்பெல்லாம் அடிக்கடி நிற்கும். நானும் மெக்கானிக்கைத் தேடி, முதலாளிக்கு போன் போட்டு, பெரிய மனுஷனாக அலைவேன். அந்தப் பெருமை போயிற்று.

பிறகு பாத்திரம் கட்டுகிற பெண் வேலையை விட்டுப் போனாள். வேறு ஆள் இருக்கிறதா என்று முதலாளி விசாரித்தார். மிலிட்டரி தன் சம்சாரத்தைச் சொன்னார். அந்தம்மா கணக்குப் படித்தவர். ஆனால் எங்கே வேலை கேட்டாலும், "உங்க வீட்டுக்காரருக்கு எப்ப மாத்தல் வரும்?" என்றே கேட்டு அனுப்பிவிட்டார்களாம். மாற்றலே இனி இல்லை என்று ஆன பிறகு, இத்தனை வருஷம் வேலை பார்க்காமல் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்களாம். எங்கள் முதலாளியும் அதையேதான் கேட்டார். வீடு மாற்றிக்கொண்டிருந்தேன் என்று பதில் வந்தது. முதலாளிக்கு அது பிடித்துப்போயிற்று.

"மேஸ்திரி, நாமெல்லாம் அடுத்தவன் வீட்டைத்தான் மாத்தியிருக்கோம். அந்தம்மா சொந்த வீட்டை மாத்தினவங்க" என்றார் என்னிடம். எனக்கு அப்போதே சுருக்கென்றது.

கல்யாணமான புதிதில், புருஷன் எல்லையில் இருக்க, கைக்குழந்தையோடு தனியாக வீடு மாறியிருக்கிறார் மிலிட்டரியம்மா. பால் புட்டி எந்தப் பெட்டியில் போனதென்று தெரியவில்லை. குழந்தை வீறிட்டுக்கொண்டே இருக்க, ஒவ்வொரு பெட்டியாகக் கிழித்துப் பார்த்தாராம். அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் ஒரு பெட்டி தனி. பல்பு, டம்ளர், மாத்திரை, போர்வை, பிள்ளைகளின் பொம்மை எல்லாம் அதில். கடைசியில் ஏறும், முதலில் இறங்கும். எங்கள் கம்பெனியிலும் அதைக் கொண்டுவந்தார். வீட்டுக்காரர்கள் உருகிப்போனார்கள். போன் போட்டு அந்தம்மாவையே அனுப்புங்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் ஏற்றி இறக்கியது உடையாமல் வந்ததற்கு இதுவரை யாரும் போன் போட்டதில்லை.

அது கூடப் பொறுத்துக்கொள்வேன். என் ஆட்களே அக்கா, அக்கா என்று பின்னால் போனதுதான் வயிற்றெரிச்சல். ஒரு நாள் பாதி ஏற்றும்போது மழை பிடித்துக்கொண்டது. நான் தொண்டை கிழியக் கத்தினேன், ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். அந்தம்மா மெதுவாக, "மெத்தை மட்டும் உள்ள போகட்டும், மத்தது நனைஞ்சா காஞ்சிடும்" என்றார். அத்தனை பேரும் மெத்தையைத் தூக்கினார்கள்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. பழைய வீட்டில் எது எங்கே இருந்தது என்று போனில் படம் பிடித்துக்கொண்டு, புது வீட்டில் அதே மாதிரி அடுக்கிவிடுவார். பட்டாளத்துக் குடும்பங்களில் அப்படித்தானாம். ஊர் மாறினாலும் பிள்ளைகள் கண்ணுக்கு வீடு மாறக் கூடாதாம்.

கிளை திறப்பதற்கு முந்தின வாரம் ஒரு டீச்சரம்மாவின் வீடு வந்தது. புருஷன் இறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பெரிய வீட்டை விட்டுச் சின்ன ஃபிளாட்டுக்குப் போகிறார். நாங்கள் அடுக்கி முடிக்கும் வரை கீழே இருங்கள் என்று அவரை உட்கார வைத்துவிட்டு, மிலிட்டரியம்மா வேலையை முடித்தார். ஜன்னலோரம் அந்த மனுஷனின் சாய்வு நாற்காலி. பக்கத்தில் ஸ்டூல், அதன் மேல் கண்ணாடிக் கூடு, காபி கப். படத்தில் இருந்தபடியே.

டீச்சரம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"இதையெல்லாம் பாக்க முடியாமத்தானே அந்த வீட்டை விட்டு வந்தேன்" என்றார். உள்ளே கால் வைக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. கிளை என் கைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். டீச்சரம்மா எப்போது முதலாளிக்கு போன் போடுவார் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

அவர் போடவில்லை. மிலிட்டரியம்மா போட்டார். மாடிப்படியில் நின்றுகொண்டு, என் காதுபடவே.

"தப்பு என்னோடது சார். அவங்களைக் கேக்காம நானா அடுக்கிட்டேன். ஆளுங்க மேல ஒண்ணும் இல்ல. சரி பண்ணிட்டுத்தான் கிளம்புவேன்."

பிறகு டீச்சரம்மாவின் பக்கத்தில் போய், எது கண்ணில் படக் கூடாது, எது வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சாய்வு நாற்காலியை மிலிட்டரி தலையில் தூக்கிக்கொண்டு போய் லாரியில் வைத்தார். டீச்சரம்மா கேட்கும்வரை எங்கள் குடோனில் இருக்கட்டும் என்று பேச்சு. காபி கப்பை மட்டும் டீச்சரம்மா கையிலேயே வைத்துக்கொண்டார். கட்டில் திசை மாறியது, அலமாரி இடம் மாறியது. வேலை நேரம் எப்போதோ முடிந்திருந்தது. என்னோடு என்றால் கடிகாரத்தைக் காட்டியிருக்கும் என் ஆட்கள், அன்றைக்கு வாய் திறக்கவில்லை.

மறுநாள் முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கிளை அந்தம்மாவுக்கு என்றார். தப்புப் பண்ணினவருக்குப் பதவியா என்று கேட்டே விட்டேன்.

"இத்தனை வருஷத்துல ஒரு தப்பையாவது உன் வாயால கேட்டிருக்கேனா மேஸ்திரி? எல்லாம் அடுத்தவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அங்க நான் பக்கத்துல இருக்க மாட்டேன். எனக்கு முதல்ல சொல்ற ஆள் வேணும்."



மிலிட்டரியம்மா அப்போதுதான் பேசினார். "மேஸ்திரி அண்ணனும் அங்க வரணும் சார். மாடியிலிருந்து பீரோ இறக்க எனக்குத் தெரியாது. அவர் இல்லாம நான் ஒத்துக்க மாட்டேன்."

இரக்கப்படுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அப்படித் தெரியவில்லை. கூலி ஏற்றமும் உண்டு என்றார் முதலாளி. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

வீட்டில் எல்லாவற்றையும் கொட்டினேன். என் சம்சாரம் பொறுமையாகக் கேட்டாள். எனக்காக நாலு வார்த்தை திட்டுவாள் என்று பார்த்தால், "அந்தம்மாகிட்ட சொல்லி எனக்கும் ஒரு வேலை வாங்கிக் குடுங்களேன்" என்றாள். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனாலும் போனேன். கோபித்துக்கொண்டு நின்றால், என் இடத்துக்கு இன்னொரு பட்டாளத்தான் வந்து நிற்பான், அதையும் நான்தான் பார்க்க வேண்டும்.

புதுக் கிளையின் முதல் வேலையே மூன்றாவது மாடி, இரும்பு பீரோ. நான் மேலே, ஆட்கள் நடுவில், மிலிட்டரியம்மா கீழே. படி வளைகிற இடத்தில் எல்லாரும் நின்றார்கள்.

"அண்ணே, திருப்பலாமா?" என்று கீழேயிருந்து கேட்டார்.

தாராளமாகத் திருப்பலாம். இருந்தாலும், "பொறும்மா" என்றேன்.

அவர் பொறுத்தார்.