பவுனுக்குக் காய்ச்சல்

எலிசா பிறந்தது பொம்மையார்பாளையத்தில். மீன்கூடைகளுக்கு நடுவே வளர்ந்தவள். காணை கிராமத்துக்குப் பக்கத்தில் கரும்பு வைத்திருந்த தொம்மைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, மாட்டுக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்து பால் கறப்பது என்றுகூடத் தெரியாது. கற்றுக்கொண்டாள். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்து, ஐம்பதைத் தாண்டிய பிறகு வீட்டுக்கு ஒரு சக்களத்தி வந்து சேர்ந்தாள். செவலையும் வெள்ளையுமான கலப்பின மாடு. பவுனு என்று பேர்.

தொம்மை பேசாத மனிதர். குழம்பு நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் "உம்" என்பார். அதே மனிதர் பவுனின் கழுத்தைத் தடவிக்கொண்டு அரைமணி நேரம் பேசுவார். அந்த நேரத்தில் சமையற்கட்டில் பாத்திரங்கள் கொஞ்சம் கூடுதலாகவே சத்தம் போடும்.

ஐப்பசி மழைக்குப் பிறகு பவுனுக்குக் காய்ச்சல் கண்டது. தீனி எடுக்கவில்லை, மூத்திரம் காப்பித்தண்ணி நிறத்தில் போனது. தொம்மை சாப்பாட்டை ஒதுக்கிவிட்டுத் தொழுவத்திலேயே உட்கார்ந்துவிட்டார். எலிசா டெங்குவில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கரும்புக்குத் தண்ணீர் கட்ட வேண்டும் என்று வந்த காலோடு திரும்பியவர் இவர்தான்.

கால்நடை மருத்துவர் ஆனந்தராஜ் வந்து, மடியோரம் ஒட்டியிருந்த உண்ணிகளைக் காட்டினார்.

"இது கடிச்சு ரத்தத்துல கிருமி ஏறியிருக்கும். பல வகை இருக்குதுங்க, ஒவ்வொண்ணுக்கும் வேற மருந்து. எதுன்னு பாத்துட்டுத்தான் ஊசி."

கழுத்தில் ரத்தம் எடுத்துக் குப்பியில் அடைத்து, ஐஸ் டப்பாவில் வைத்தார். விழுப்புரம் லேபுக்குப் போக வேண்டும்.

"நான் நவுர முடியாது. நீ ஜல்தியா போய்ட்டு வா," என்றார் தொம்மை. "குலுங்காம மடியில வெச்சிக்கினு போ."

பஸ்ஸில் ஐஸ் டப்பாவை மடியில் வைத்திருந்தாள் எலிசா. மூத்தவளை வயிற்றில் சுமந்து இதே ரோட்டில் போனபோது, குலுங்காமல் போ என்று யாரும் சொல்லவில்லை. இதை சீட்டுக்கடியில் உருட்டிவிட்டால் என்ன என்று தோன்றியது. உடனே சிலுவை போட்டுக்கொண்டு, டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

லேபில் இருந்த சங்கவி என்ற பெண், ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் இழுத்துச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள்.

"பபீசியாங்கற கிருமிம்மா. ரத்தத்தை அழிச்சிடும். மாட்டுக்கு ரத்தம் ரொம்ப கம்மியாயிருக்கு. அதான் நிக்க முடியாம மூச்சு வாங்கும்."

"எனக்கும் அப்பிடித்தான் வாங்குது பாப்பா."

"அப்ப நீங்களும் பாருங்க. எதிர்லயே மனுசங்க லேபு இருக்குது."

எலிசா பார்த்தாள்.

சங்கவி மருத்துவருக்குப் போனிலேயே முடிவைச் சொல்லிவிட்டதால், எலிசா வீடு சேர்வதற்குள் மாட்டுக்கு ஊசி போட்டாகிவிட்டது. மறுநாள் சாயங்காலம் பவுனு அசைபோட ஆரம்பித்தது. தொம்மை சிரித்தார். அப்போதுதான் எலிசா சொன்னாள்.

"எனக்கும் ரத்தம் பாத்தேன். எட்டுதான் இருக்குதாம்."

"எட்டுன்னா?"

"பவுனுக்கு இருந்த மாதிரி."

தொம்மையின் சிரிப்பு நின்றது. "ஏன் நேத்தே சொல்லல?"

"நீ கேக்கல."

தொம்மை மறுநாள் காலையில் குளித்துவிட்டு வண்டியை எடுத்தார். "ஏறு. டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாம்."

தெரு திரும்பியதும், "பவுனுக்குத் தண்ணி காட்டச் சொல்லி பக்கத்து வீட்டு வெள்ளையம்மாகிட்ட..." என்று ஆரம்பித்தார்.

"இன்னிக்கு அது பேச்சை எடுக்காத," என்றாள் எலிசா.

விழுப்புரம் வரைக்கும் அவர் எடுக்கவில்லை.