சேர்வ் போடும்போது கத்தினவன்

ரொறன்ரோவில், மல்வேர்ன் பகுதியில் என் பக்கத்து வீட்டுக்காரர் ட்ரினிடாட்காரர். என்னோடு ஒரே டிப்போவில் பஸ் ஓட்டுகிறார். அவருடைய மகள் தொழில்முறை டென்னிஸ் வீராங்கனை. இப்படிச் சொன்னால் நீங்கள் டிவியில் வருகிற ஆளை நினைப்பீர்கள். அவள் டிவியில் வந்ததே இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடமாக, வாயில் நுழையாத ஊர்களுக்கெல்லாம் போய், பெரும்பாலும் முதல் சுற்றிலேயே தோற்று, ஒரு பை அழுக்கு உடுப்போடு திரும்பி வருவாள்.

போன கோடையில் ரொறன்ரோவிலேயே ஒரு போட்டிக்குத் தகுதிச் சுற்று நடந்தது. இதிலும் தோற்றால் விளையாட்டை விட்டுவிட்டு, சமூக நிலையத்தில் பிள்ளைகளுக்குப் பழக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். தகப்பனுக்கு ஒரு கிழமையாகச் சாப்பாடு இறங்கவில்லை. என்னைத் துணைக்கு வரச் சொன்னார்.

நான் தனியே போகிற ஆளா? எங்கள் ஊர்ச் சங்கத்துக் கரப்பந்தாட்டக் கோஷ்டியில் ஆறு பேரை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். எங்கள் மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. நம்முடைய ஆள் சேர்வ் போட வந்தால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். கத்தாதவன் எதிர்க்கட்சிக்காரன். டென்னிஸில் அந்த நேரம் தும்மவும் கூடாது என்று எங்களுக்கு யார் சொன்னது?

முதல் செட்டை இழந்திருந்தாள். இரண்டாவதில் பந்தை மேலே எறிந்தாள். நான் எழும்பி நின்று, "அடி பிள்ளை, அடி!" என்று கத்தினேன். பின்னால் ஆறு பேரும் விசில். பந்து வலையில். மறுபடி போட்டதும் வலையில். ஒரு பொயின்ற் போய்விட்டது. உயரக் கதிரையில் இருந்த நடுவர் எங்களைப் பார்த்து ஏதோ கடுமையாகச் சொன்னார்.

"என்னண்ணை, உது கோயிலோ? சத்தம் போடாமல் இருந்து கும்பிடட்டாம்," என்றான் எங்களில் ஒருத்தன்.

அவள் தோற்றுவிட்டாள். கார் நிறுத்துமிடத்தில் தகப்பன் மூக்கைச் சீறிக்கொண்டு நின்றார். அவளிடம் போய், என்னால்தான் எல்லாம் கெட்டது, என்னைத் திட்டு என்று ஆங்கிலத்தில் கெஞ்சினேன்.

அவள் சிரித்தாள். "அங்கிள், உங்களால் போனது அந்த ஒரு பொயின்ற்தான். மற்றதெல்லாம் நானே விளையாடித் தோற்றது. அதை என்னிடமிருந்து பறிக்காதீர்கள்," என்றாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஏழு ஆம்பிளைகள் பழியைச் சுமக்க வரிசையில் நிற்கிறோம். அவள் ஒருத்தருக்கும் கொடுக்கவில்லை. திங்கட்கிழமை காலை, பழைய பந்துகள் நிறைந்த கூடையொன்றைத் தூக்கிக்கொண்டு சமூக நிலையத்துக்கு வேலைக்குப் போனாள்.