பினாங்கு ரோட்டில் நின்றுவிட்ட செல்வா அண்ணை

செல்வா அண்ணை போய்விட்டார்.

காலையில் வேலைக்குப் போகும்போது ட்ராமில் வைத்துத்தான் மெசேஜைப் பார்த்தேன். “அப்பா தூக்கத்துலயே போயிட்டாரு அக்கா.” பினாங்கிலிருந்து அவருடைய மகள் ரேணுகா.

இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. கடைசி ஸ்டொப்பில் ட்ரைவர் வந்து சொன்ன பிறகுதான் எழும்பினேன்...

உங்களில் யாருக்கும் அவரைத் தெரியாது. எனக்கும் ஒரு பின்னேரப் பழக்கம்தான். சில வருடங்களுக்கு முன் லீவில் நானும் என் கணவர் நிமலும் பினாங்கு போனபோது ஒரு ஸ்ட்ரீட் ஃபுட் டூர் எடுத்தோம். எங்களைக் கூட்டிக்கொண்டு போன கைட் அவர்.

அறுபது வயதுகூட இருக்காது. தொப்பி, கழுத்தில் ஒரு துவாய். நான் “அண்ணை” என்றதும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “அண்ணைன்னா சிலோன்காரங்கதான். எங்க பக்கத்து வீட்ல இருந்தாங்க.”

சீனக் கடையில் ஹொக்கியன், பக்கத்துத் தள்ளுவண்டியில் மலாய், நாசி கண்டார் சோற்றுக் கடையில் தமிழ். எங்களோடு வந்த ஜெர்மன் சோடிக்கும் அவுஸ்திரேலியப் பெண்கள் இருவருக்கும் இங்கிலிஷ். ஒரு வாய் சாப்பிடுவதற்குள் மூன்று பாஷை பேசிவிடுவார்.

முதலில் செண்டோல் வாங்கித் தந்தார். பச்சை மாவு நூலும் தேங்காய்ப்பாலும் ஐஸும் போட்டது. பிறகு நூடுல்ஸ், ரொட்டி... திரும்பவும் அதே செண்டோல் வண்டிக்கே கூட்டிக்கொண்டு வந்து, “இதான் நம்ம ஃபர்ஸ்ட் ஸ்டாப்” என்றார்.

எல்லோரும் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள். நான் அவருடைய கண்களைப் பார்த்தேன்.

எனக்கு சுவிஸில், பாசல் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றின் டெமென்ட்ஸ் பிரிவில் வேலை. மறதி நோய் வந்தவர்களோடுதான் என் நாள் போகிறது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

“என்னப்பா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?” நிமல் கேட்டார். “ஒண்டுமில்லை” என்றேன். ஒன்றுமில்லாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அடுத்த தெருவைக் கடக்கும்போது, நடு ரோட்டில் அவர் நின்றுவிட்டார்.

பஸ் வருகிறது. ஹோர்ன் அடிக்கிறான். அவர் அசையவில்லை. நான் ஓடிப்போய் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன். பஸ்ஸின் சூடு என் முதுகில் பட்டது.

கடை வாசலுக்கு வந்த பிறகும் அவர் என் கையை விடவில்லை. மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்.

“தங்கச்சி... இவங்கல்லாம் யாரு? ஏன் என் பின்னாலயே வர்றாங்க?”



வேலையில் என்றால் யூனிஃபோர்ம் இருக்கிறது. கூப்பிட பெல் இருக்கிறது. கதவுக்கு நம்பர் லொக் இருக்கிறது. அந்த ரோட்டில் என்னிடம் எதுவும் இல்லை. அவர் கையை உதறிவிட்டு ஓடினால் எந்தப் பக்கம் ஓடுவார் என்றுகூட எனக்குத் தெரியாது.

நிமல் மற்றவர்களிடம் “வெயில், அவருக்குத் தலை சுத்து” என்று சொல்லித் தள்ளி நிறுத்தினார். நான் அவரைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டார். தெளிந்ததும்தான் அழுதார்.

“யார்ட்டயும் சொல்லாதம்மா. வேலை போயிடும்.”

“அண்ணை, இண்டைக்கு பஸ் வந்தது. வீட்டில ஆருக்காவது தெரியுமோ?”

தலையை ஆட்டினார். இல்லை.

“நீங்களே சொல்லுங்கோ. நான் பக்கத்தில இருக்கிறன்.”

ஃபோனில் மகளின் நம்பரைத் தேடினார். பிறகு எடுத்தார். “ரேணு... அப்பா ரோட்ல இருக்கேன். எந்த ரோடுன்னு தெரியலம்மா.” நான் ஃபோனை வாங்கிக் கடையின் பெயரைச் சொன்னேன்.

ரேணுகா ஒஃபீஸ் கார்ட் கழுத்தில் தொங்க மோட்டர்சைக்கிளில் வந்து இறங்கினாள்.  அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்து, “இன்னும் ரெண்டு கடை இருக்குல்ல? வாங்க” என்றாள்.

அவள் வழி காட்டினாள். அவர் கதை சொன்னார். ஜெர்மன் சோடிக்குக் கடைசிவரை ஒன்றும் விளங்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் சனிக்கிழமைகளில் இரண்டு பேருமாக டூர் நடத்தினார்கள். பிறகு அதுவும் நின்றது. ரேணுகா அடிக்கடி எனக்கு ஃபோன் எடுப்பாள். குளிக்க மாட்டேன் என்கிறார், என்ன செய்ய... கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார், என்ன செய்ய... தெரிந்ததைச் சொல்வேன்.

போன மாதம் வீடியோவில் அவருக்கு என்னைக் காட்டினாள். என் முகத்தைப் பார்த்ததும் தலையணையால் தன் முகத்தை மூடிக்கொண்டார். அவள் சட்டென்று கமராவைத் திருப்பிவிட்டாள். அன்று எனக்கு நித்திரை இல்லை.

இன்று பிரேக்கில் அவளுக்கு ஃபோன் எடுத்தேன். அழுது முடித்துவிட்டுக் கேட்டாள்.

“அக்கா, நீங்க இதே வேலைலதானே இருக்கீங்க. கடைசில அவருக்கு பயமா இருந்திருக்குமா?”

“தெரியாது ரேணு” என்றேன்.

உண்மையாகவே தெரியாது. இத்தனை பேரின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறேன்... தெரியாது.

பிரேக் முடிந்து வார்டுக்குள் போக எனக்குத்தான் பயமாக இருந்தது.

போய் வாருங்கள், செல்வா அண்ணை.