கண்ணாடியைத் தட்டிய கை

வேகத்துக்காகக் காரின் எஞ்சினை ட்யூன் செய்து, சத்தத்துக்காகப் பெரிய சைலன்சரும் மாட்டியிருந்தேன். அதன்பிறகு காரை யார் பார்த்தாலும் தகராறுக்கு வருகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம்தான்.

ஏழாயிரம்பண்ணை தாண்டி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சைலன்சர் வழக்கம்போல் சரவெடி மாதிரி படபடவென்று வெடித்தது. அந்தச் சத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ரோட்டோரப் பட்டாசு ஆலையில் வேலை செய்த பெண்கள், ஆலையில்தான் விபத்து என்று நினைத்து, செருப்பில்லாமல் ரோட்டைத் தாண்டி ஓடினார்கள். பிரேக் போட்டு நின்றேன்.

ஒருத்தி மட்டும் தண்ணீர்க் குடத்தோடு காரை நோக்கி ஓடி வந்தாள். தகராறுக்குத்தான் வருகிறாள் என்று கண்ணாடியை ஏற்றிக் கதவைப் பூட்டினேன். அவள் படபடவென்று தட்டினாள்.

“என்ன உள்ளயே இருக்கீக? வெளிய வாங்கண்ணே, வண்டி வெடிக்குது! காயம் ஏதும் பட்டுருச்சா?”

சத்தத்துக்காக நானே மாட்டியது என்று அவளிடம் சொல்லாமல், எஞ்சினை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினேன்.