பேய் ஏறாத படி

தெருவில் எல்லோரும் அவளை ஊசியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தையல்காரி என்பதால் வந்த பேரா, வாயைத் திறந்தால் சுருக்கென்று குத்துவாள் என்பதால் வந்த பேரா என்று கேட்டால், "ரெண்டும்தான்" என்பார் அவள் புருஷன். அவர் வெல்டர். மருந்துக்கடைக்கும் அச்சகத்துக்கும் நடுவே செருகி வைத்தது போலக் குறுகலான வீடு அவர்களுடையது. கீழே தையல் கடை, மேலே ஒரே ஓர் அறை. அதன் ஜன்னலைத் திறந்தால் தெருமுனை வரைக்கும் தெரியும்.

மேலே போக முதலில் ஏணிதான் இருந்தது. மகள் வயிற்றில் இருந்தபோது அதில் ஏற ஊசியக்கா பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு வெல்டர் படி கட்ட ஆரம்பித்தார். சாதாரணப் படி கட்டினால் துணி வெட்டும் மேசையைத் தூக்கிவிட வேண்டும். மேசை போனால் அவள் தொழில் போச்சு. அதனால் இரும்புச் சட்டத்தில் பலகை பொருத்தி, கிட்டத்தட்ட ஏணி போலவே செங்குத்தாக ஒன்றைச் செய்தார். ஒவ்வொரு படியும் பாதிதான் இருக்கும். ஒன்று வலது காலுக்கு, அடுத்தது இடது காலுக்கு. முதல் காலை மாற்றி வைத்தவர்கள் நடுவில் கால் பின்னிக்கொண்டு முழிப்பார்கள்.

"எங்க அம்மா சொல்லுவாங்க, பேய் ஏறக்கூடாதுன்னே இந்த மாதிரி கட்டுவாங்களாம்" என்றாள் மருந்துக்கடைக்காரி. "பேய்க்கு ஏது வலது காலு, இடது காலு? குழம்பிப் போய்த் திரும்பிடுமாம்."

"பேயை விடும்மா. என் மச்சான் குடிச்சிட்டு வந்தா ஏற முடியாது. எனக்கு அதுவே போதும்" என்றார் வெல்டர்.

பேச்சு தெருவெல்லாம் பரவிவிட்டது. ஓயாமல் அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "அக்கா, கொஞ்ச நேரம் மேல படுக்க வச்சுக்கட்டுமா?" என்று தாய்மார்கள் வந்து நிற்பார்கள். "இதென்ன ஆஸ்பத்திரியா?" என்று முணுமுணுத்துக்கொண்டே ஊசியக்கா போர்வை விரித்துக் கொடுப்பாள். குழந்தையும் எப்படியோ தூங்கிவிடும். ஜன்னல் காற்று என்பாள் அவள். தெரு அதை நம்பவில்லை.

மகள் கல்யாணமாகி வெளியூர் போன பிறகு, பட்டறையில் வெல்டரின் இடது பாதத்தில் நெருப்புப் பொறி விழுந்தது. சின்னப் புண்தான். சர்க்கரை அதை ஆறவிடவில்லை. கடைசியில் முழங்காலுக்கு மேலேயே காலை எடுத்துவிட்டார்கள்.

ஊன்றுகோலோடு வீடு திரும்பியவர் நேரே படியடிக்குப் போனார். வலது காலை வைத்தார். அடுத்தது இடது காலின் படி. அதை ஊன்றுகோலால் தட்டிப் பார்த்தார்.

"நானும் பேய்க் கணக்குல சேந்துட்டேன் போல" என்று சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"இதைப் பிடுங்கிட்டு நல்ல படியா கட்டிடலாங்க."

"மேசை எங்க போகும்?"

"போகட்டும்."

"நான் ஒரு கால் போய் உக்காந்திருக்கேன். உன் கையையும் முடக்கணுமா?"

அதற்கு மேல் அவர் பேச விடவில்லை. மேசைக்குப் பக்கத்திலேயே அவருக்குப் படுக்கை போட்டாள். அளவு கொடுக்க வருகிற பெண்கள் அவரைப் பார்த்துத் தயங்கினார்கள். புண் நாற்றம் துணியில் ஏறிவிடுமோ என்று ஒருத்தி வாய்விட்டே கேட்டாள். அவளை ஊசியக்கா படாத பாடு படுத்தி அனுப்பினாள். ஆனால் அன்றிலிருந்து யார் வந்தாலும் வெல்டர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். கேலிப் பேச்சு நின்றது. சாப்பாடும் குறைந்தது.

ஒரு மத்தியானம் தைத்த துணியைக் கொடுத்துவிட்டு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வெல்டர் படியின் நடுவில் இரும்புச் சட்டத்தைக் கட்டிப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். ஒற்றைக் கால் வெடவெடவென்று நடுங்கியது.

"ஐயோ, இறங்குங்க!"

"இறங்கவும் தெரியல, ஏறவும் முடியல."

"இப்ப எதுக்கு இந்த வேலை?"

"ஜன்னல் பக்கம் படுக்கணும்போல இருந்துச்சு."

திட்ட வாயெடுத்தவள் செருப்பைக் கழற்றினாள். பின்னாலேயே ஏறி அவர் இடுப்பை வளைத்துப் பிடித்தாள். இடது படியில் தன் காலை வைத்து, அவருடைய பாதித் தொடையைத் தன் தொடைமேல் தாங்கினாள். அவர் வலது காலைத் தூக்கி வைத்தார். மறுபடி இவள் கால், மறுபடி அவர் கால். மேலே போய்ச் சேர்ந்ததும் இருவரும் தரையிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். அவர் அவள் முழங்காலைத் தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு அவர் கீழே வரவில்லை. சர்க்கரை ஏறி உடம்பு மோசமானபோது, மகள் வந்து கெஞ்சியும் ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்துவிட்டார். மேலிருந்தபடியே வாடிக்கையாளர்களைக் கிண்டல் பண்ணினார். ஒரு காலையில் ஊசியக்கா, "டீ போடவா?" என்று கீழிருந்து கேட்டாள். பதில் இல்லை. இன்னொரு தடவை சத்தமாகக் கேட்டாள். பிறகு கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடினாள்.

அந்தப் படி வழியாக உடலை இறக்க வழியில்லை. பட்டறை ஆட்கள் ஜன்னல் சட்டத்தைப் பெயர்த்து, அவரைப் பலகையில் கட்டி, கயிறு விட்டு இறக்கினார்கள். எட்டாது என்று தெரிந்தும், தெருவில் நின்ற ஊசியக்கா கடைசிவரை இரண்டு கையையும் மேலே நீட்டிக்கொண்டிருந்தாள்.

அதோடு தெருவின் பேச்சு மாறியது. பேய் ஏறாத படியில் பேய் இறங்கவும் முடியாதாம், வெல்டர் மேலேயேதான் இருக்கிறாராம். குழந்தையோடு யாரும் வருவதில்லை. அளவு கொடுப்பவர்கள் வாசலோடு நின்றார்கள்.

ஒருநாள் மருந்துக்கடைக்காரியே தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, மேல ஏதாவது... சத்தம் கித்தம்?"

ஊசியக்கா நூலைப் பல்லால் கடித்தாள்.

"தினமும் ஏறிப் பாக்கறேன்மா. அவரு துண்டு இருக்கு. மாத்திரை அட்டை இருக்கு. அவரு இல்ல." ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "நீங்கல்லாம் சொல்றது நெஜமா இருந்தா நான் எதுக்கு அழப்போறேன்?" என்றாள்.

மருந்துக்கடைக்காரி செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் கடை திறந்து கிடந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த மழைக்கு முன் மகள் வந்து, கூடவே வந்துவிடும்படி கூப்பிட்டாள். முழங்கால் வலியில் ஊசியக்காவும் சரியென்றுவிட்டாள். கிளம்பும்போது ஜன்னலைச் சாத்த மேலே போனாள். அவசரத்தில் திரும்ப மாட்டிய சட்டம், கோணலாக நின்று சாத்திக்கொள்ள மறுத்தது.

"அம்மா, வண்டி நிக்குது!"

"வரேன், வரேன்" என்றாள். அப்புறமும் நெடுநேரம் அவள் இறங்கவில்லை.