பன்றிக்குப் போட்ட வேலி

திகனயில் எங்கள் காணி ஆற்றுப்பக்கமாகச் சரிந்து கிடக்கிறது. ஆற்றங்கரை முழுக்க ஆளுயரத்துக்கு வளரும் தொட்டாச்சுருங்கி, தண்டெல்லாம் முள். காட்டுப்பன்றிகள் என் மரவள்ளியைக் கிளறிப்போட்ட ஆத்திரத்தில் ஒருநாள் கத்தியோடு இறங்கினேன். அந்தக் களையை வெட்டி, முட்கிளைகளைக் காணியைச் சுற்றி வேலியாகக் குவித்தேன். இழுக்கும்போது காய்ந்த காய்கள் சலசலவென்று உதிர்ந்தன. ஒரே வேலையில் இரண்டு காரியம் என்று என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த மழைக்கு வேலி முளைத்தது. இரண்டாம் வருஷம் கேட்டைத் திறக்க முடியவில்லை. வெட்ட வெட்ட அடிக்கட்டை தழைத்தது.

கடைசியில் விவசாயப் போதனாசிரியையை அழைத்து வந்தேன்.

"காய் முத்துறதுக்கு முந்தி, மண்ணு ஈரமா இருக்கும்போது வேரோட புடுங்கி, அந்த இடத்துலயே எரிச்சிருக்கணும். யாரு இதை இங்க தூக்கிட்டு வந்தது?" என்றார்.

நான் குனிந்து காலடியில் இருந்த ஒரு முளையைப் பிடுங்கினேன்.

"விதை மண்ணுக்குள்ள பல வருஷம் உயிரோட கிடக்கும். இனி வருஷா வருஷம் புடுங்க வேண்டியதுதான்."

நான்கு வருஷமாகப் பிடுங்குகிறேன். விற்றுவிட்டுப் போகலாம் என்றால், காணி பார்க்க வந்தவர் காரைவிட்டு இறங்காமலே திரும்பிவிட்டார்.

நேற்றும் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தபோது வேலிக்கு அப்பால் உறுமல் கேட்டது. தேத்தண்ணியோடு வந்த மனைவி சற்று நின்று கேட்டாள்.

"நீங்க கட்டின வேலியில ஒரு குறையும் இல்ல. பன்டி வெளியில நல்லாத் திரியுது. நாங்கதான் உள்ளுக்கு அடைபட்டு ஈக்கிறோம்."