தெருவைப் பார்த்த சுவர்

‘இவ்வீட்டின் தற்போதைய உரிமையாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கிராமியக் கட்டடக்கலையில் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர். அதன் பழமையைத் தம் வாழ்க்கைமுறையாகவே ஏற்றுக்கொண்டு, அடுத்த தலைமுறைக்குக் காத்துத் தரும் பாரம்பரியக் காவலர்.’

சிட்னியின் மேற்கே, பென்டில் ஹில்லில் ஒரு வீடு விற்பனைக்கு வந்தபோது அச்சிட்ட பிரசுரத்தின் இரண்டாம் பக்கத்தில் இப்படி இருந்தது. நகரசபைக் கோப்பிலிருந்து எடுத்த வாசகம் என்பதால் அதில் யாரும் கைவைக்கவில்லை.

காவலரின் பெயர் ஈஸ்வரமூர்த்தி. சொந்த ஊர் பொள்ளாச்சி. தொழில், வீடு வீடாகப் போய் ஏசி மாட்டுவது. பழைய பொருள் எதுவும் அவருக்கு ஆகாது. ஆண்டுக்கொரு முறை ஃபோனை மாற்றுவார். புதுக் காரின் சீட்டில் போட்டு வந்த பிளாஸ்டிக் உறையை மூன்று வருடம் பிரிக்காமல் வைத்திருந்தார். கோயிலுக்குப் போனால்கூட, புதிதாக டைல்ஸ் போட்ட பிராகாரத்தைத்தான் நின்று ரசிப்பார்.

இப்படிப்பட்டவர் அந்த வட்டாரத்திலேயே மிகப் பழைய வீட்டில் இருபத்தைந்து வருடம் குடியிருந்ததற்குக் காரணம், வீட்டை ஏலத்தில் எடுத்த அன்று அவர் செய்த ஒரு தவறு. விற்பனைப் பலகையில் இருந்த ‘ஹெரிடேஜ்’ என்ற சொல்லை அவர் ஏதோ விருது என்று எடுத்துக்கொண்டார், ஹோட்டலுக்கு நட்சத்திரம் கொடுப்பார்களே, அந்த மாதிரி. வீடு கைக்கு வந்ததும் நகரசபை ஒரு கடிதம் அனுப்பியது. முத்திரையெல்லாம் போட்டிருந்ததால் படிக்காமலே தங்க நிறச் சட்டம் போட்டு நடைக்கூடத்தில் மாட்டினார். வெளிச்சுவரில் அனுமதியின்றி ஓர் ஆணிகூட அடிக்கக்கூடாது என்பது அந்தக் கடிதத்தின் சாரம். கடிதத்தைத் தாங்கிய ஆணி உள்சுவரில் இருந்ததால் சட்டத்துக்குப் பங்கமில்லை.

வீட்டைக் கட்டியவர் இங்கிலாந்தில் டார்செட் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த மாவு வியாபாரி. 1891இல், சிட்னியின் மேற்கே உட்கார்ந்துகொண்டு, தான் விட்டு வந்த ஊரின் மழைக்கு வீடு கட்டினார். தண்ணீர் வழுக்கி ஓடச் செங்குத்தான கூரை, குளிர் நுழையாதபடி சின்னச் சின்ன ஜன்னல், அறைக்கு ஒரு கணப்பு. ஜனவரியில் நாற்பத்து மூன்று டிகிரி அடிக்கும் ஊரில் நான்கு கணப்பு! மனிதரைக் கேலி செய்யலாம்தான். ஆனால் சூரியன் வடக்கே சாய்ந்து போகும் நாட்டில் இருந்துகொண்டு கோயம்புத்தூர் வாஸ்துப் புத்தகத்தைப் புரட்டுகிறவர்களுக்கு அந்த உரிமை கொஞ்சம் குறைவு.

இருபத்திரண்டு வருடம் ஈஸ்வரமூர்த்தி வெயிலைச் சகித்துக்கொண்டார். பிறகு மனைவி கல்யாணிக்கு மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்ற நரம்பு நோய் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். குளிர் நாளில் அவள் நன்றாகவே நடப்பாள். சூடு ஏறினால் கால் சொன்ன பேச்சைக் கேட்காது. “எங்க இருந்தாலும் குளுகுளுன்னு வச்சுக்கங்க” என்றார் டாக்டர், தமிழர்தான். ஏசிக்காரரிடம் சொல்ல இதைவிடச் சுலபமான மருந்து உண்டா? அந்த வாரமே நல்ல ஸ்பிலிட் ஏசி ஒன்றை வாங்கி கராஜில் வைத்தார். பெட்டியின் டேப்பைக்கூடக் கிழிக்கவில்லை.

அவர்கள் படுக்கும் முன் படுக்கையறை மூலையில் இருந்தது. அதன் இரண்டு வெளிச்சுவர்களும் தெருவைப் பார்த்தவை. நகரசபைக்குப் போட்ட முதல் விண்ணப்பத்தை, ஏசியின் வெளிப்பாகம் தெருவிலிருந்து தெரியும் என்று மறுத்தார்கள். மரப்பெட்டி போட்டு மறைக்கிறேன் என்றார். அந்தக் காலத்தில் அப்படி ஒரு பெட்டி இருந்ததில்லை என்றார்கள். மூன்றாவது தடவை டாக்டர் கடிதத்தையும் இணைத்தார். மிகவும் வருந்தினார்கள். வருந்திவிட்டு, சாயங்காலங்களில் ஜன்னலைத் திறந்து வைத்து வீட்டின் மரபான காற்றோட்டத்தைப் பயன்படுத்திக்கொள்ளும்படி ஆலோசனை சொன்னார்கள். கூரைக்குள் குழாய் கொண்டுபோகலாம் என்றால், பூவேலை செய்த தகரக் கூரைத்தளத்தை வெட்டக்கூடாது. சக்கரம் வைத்த போர்ட்டபிள் ஏசியையும் வாங்கிப் பார்த்தார். அந்த உயர அறையில் அது இரைச்சல் போடும் பீரோவாக நின்றது.

பின்பக்கச் சமையலறை மட்டும் எழுபதுகளில் ஒட்டுப்போட்டது. அதற்கு வரலாற்று மதிப்பு கிடையாது, அதனால் ஏசி உண்டு. மூன்று கோடையாகக் கல்யாணி அங்கேதான், ஃப்ரிட்ஜுக்கும் சிங்க்குக்கும் நடுவே, மடக்குக் கட்டிலில் படுத்தாள். நாலு படுக்கையறை வீட்டில் மனைவி சமையலறையில் தூங்குகிறாள் என்பதை, ஊரெல்லாம் குளிர வைக்கிற மனிதரால் தாங்க முடியவில்லை. வீட்டை விற்றுவிட்டு பக்கத்து ஊரான கிரவீனில் புதுச் செங்கல் வீடு ஒன்றுக்குப் போய்விடுவதென்று முடிவு செய்தார்.

வீட்டைப் பார்க்க ஆட்கள் வரும் முதல் நாள் ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை, மதியம் பன்னிரண்டரை. வெளியே நாற்பத்து மூன்று. ஏஜென்ட் சுபாங்கன், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, அரை மணி முன்னதாகவே வந்துவிட்டான்.

“அங்கிள், குசினிக்குள்ள கட்டில் கிடந்தா சனம் என்னெண்டு நினைக்கும்? கராஜுக்குள்ள வையுங்கோ. நீங்களும் அன்ரியும் கொஞ்ச நேரம் வெளியால நில்லுங்கோ. ஓனர் நிண்டால் ஆக்கள் மனம்விட்டுக் கதைக்க மாட்டினம்.”

“அவளால வெயில்ல நிக்க முடியாதுங்க தம்பி.”

“காருக்குள்ள இருங்கோ, ஏசியைப் போட்டுட்டு.”

எதிர்ப்பக்க நடைபாதையோரம் காரை நிறுத்தி இருவரும் உட்கார்ந்தார்கள்.

“ஏனுங்க, வீட்டுல இல்லாதது கார்ல இருக்குது” என்றாள் கல்யாணி. “பேசாம காரைக் கொண்டுபோய் முன் ரூம்புல நிறுத்திரலாம். அதுக்கும் அனுமதி கேக்கோணுமா?”

“கேட்டா, குதிரை வண்டின்னா நிறுத்திக்கலாம்பாங்க.”

முரளிதரன், பார்கவி என்ற தெரிந்த தம்பதி ஃபோனில் திசைகாட்டியோடு உள்ளே போய், நான்கு நிமிடத்தில் வெளியே வந்தார்கள். காரைப் பார்த்துவிட்டுப் பார்கவி கண்ணாடியைத் தட்டினாள்.

“வீடு சூப்பர் அங்கிள். வாசல்தான் தெற்கு. கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிக்கலாமா?”

“சுவத்துல ஆணி அடிக்கவே விடமாட்டாங்கம்மா.”

“ஆமா, நல்ல டிசிப்ளின்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இன்னும் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். வெக்கையில் முகம் சிவந்து திரும்பினார்கள். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி மட்டும் அரை மணி நேரமும் உள்ளேயே இருந்தார்கள். போகும்போது அந்த அம்மாள் வாசற்கதவை, மாட்டைத் தடவுவதுபோலத் தடவிக்கொடுத்தாள்.

சுபாங்கன் புறப்பட்ட பிறகு இருவரும் வீட்டுக்குள் நுழைந்தார்கள். பழங்கால அமைதி கெடுமென்று சமையலறை ஏசியை அவன் அணைத்திருந்தான், கதவுகளையும் விரியத் திறந்து வைத்திருந்தான். நடைக்கூடத்தின் பாதியில் கல்யாணி நின்றாள். “கால் இல்லீங்க” என்றாள், பஸ் இல்லை என்பதுபோல. சுவரோடு சரிந்து, தங்கச் சட்டக் கடிதத்தின் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

ஈஸ்வரமூர்த்தி அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் காரில் உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார், நெற்றியில் ஈரத்துணி போட்டார். கால் மணி நேரத்தில் விரல்கள் அசைந்தன. “போய் கட்டில எடுத்துப் போடுங்க” என்றாள்.

கராஜுக்குப் போனார். கட்டிலின் பக்கத்தில் அந்த ஏசிப் பெட்டி இருந்தது. கட்டிலை விட்டுவிட்டு டேப்பைக் கிழித்தார்.

முன் படுக்கையறையின் வெளிச்சுவரில் பென்சிலால் குறி போட்டுக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது.

“அங்கிள், சந்தோசமான விசயம்! அந்த வெள்ளைக்காரச் சோடி கேட்ட விலையையே தருகினம். திங்கட்கிழமை கையெழுத்து. ஒரு கண்டிசன்தான். வெளிச்சுவரில ஒரு மாற்றமும் செய்யேல்ல எண்டு எழுதித் தரவேணும்.”

“சாவி எப்பத் தரோணும்?”

“ஏப்ரல் கடைசியில. அவையளுக்கு அப்பதான் வசதி.”

“ஏப்ரல்ல குளிராயிருமே தம்பி.”

“ஓம் அங்கிள், வீடு மாற நல்ல காலம்.”

ஈஸ்வரமூர்த்தி காரைப் பார்த்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணி கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். நாளைக்கு நாற்பத்து நான்கு டிகிரி என்று காலையிலேயே ரேடியோவில் சொல்லியிருந்தார்கள்.

“நாளைக்கு என்ன பண்றதுங்க தம்பி?” என்றார்.

“நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை அங்கிள். நாளைக்கு ஒண்டும் செய்யத் தேவையில்லை.”

“சரி” என்று வைத்துவிட்டார். பார்க்கிங் அபராதம்கூட ஒருமுறையும் வாங்காத மனிதர். துளைப்பானைக் கையில் எடுத்து இரண்டு தரம் கீழே வைத்தார். மூன்றாம் தரம் வைக்கவில்லை.

அன்று மாலை ஐந்தே கால் மணிக்கு, நூற்று முப்பது வருடச் செங்கல்லில் அறுபத்தைந்து மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துளை போட்டு, எல்லோருக்கும் தெரியும்படி, தெருவைப் பார்த்த சுவரில் ஈஸ்வரமூர்த்தி ஏசி மாட்டினார். வீட்டை விற்கவில்லை.